மூன்று பைகளில் எதைத் திறப்பது? குட்டிநாய்க்கு உணவு தேர்ந்தெடுப்பது பற்றி

நீங்கள் கேட்டது இதுதான்: எட்டு வார லாப்ரடார் குட்டி வீட்டுக்கு வந்திருக்கிறது. கண் முன்னே மூன்று உணவுப் பைகள். ஒன்றில் "தானியம் இல்லாதது" என்று பெரிதாகப் போட்டிருக்கிறது, விலையும் அதுதான் அதிகம். இன்னொன்று பெரிய இனக் குட்டிகளுக்கானது. மூன்றாவது "எல்லா வயது நாய்களுக்கும்" என்கிறது, அதில் புரதம் அதிகம். கூடவே, எலும்பு பலப்பட கால்சியம் பொடி சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

சுருக்கமான பதில்: இரண்டாவது பை, அதன் பின்பக்கத்தில் நான் கீழே சொல்லும் வரி இருந்தால். கால்சியம் பொடி வேண்டவே வேண்டாம். இன்னொன்று, அந்தப் பையை இன்றே திறக்காதீர்கள்.

கடைசியில் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். குட்டி இப்போதுதான் தாயையும் கூடப் பிறந்தவற்றையும் விட்டு வந்திருக்கிறது. இடம் புதிது, வாசனை புதிது, தூக்கமும் சரியாக இருக்காது. அந்த நேரத்தில் உணவையும் மாற்றினால் வயிறு கலங்கும். அப்புறம் பழி முழுக்கப் புது உணவின் மேல் விழும். குட்டியைக் கொடுத்தவர்களிடம் அது இதுவரை என்ன சாப்பிட்டது, எவ்வளவு, எத்தனை வேளை என்று கேட்டு, முடிந்தால் அதையே சில நாள் கொடுங்கள். பிறகு ஏழிலிருந்து பத்து நாளில் மெதுவாக மாற்றுங்கள். முதலில் நாலில் ஒரு பங்கு புதியது, இரண்டு மூன்று நாள் கழித்துப் பாதி, பிறகு முக்கால், கடைசியில் முழுதும். நடுவில் மலம் இளகினால் முந்தைய அளவுக்குத் திரும்பி, இரண்டு நாள் அங்கேயே நில்லுங்கள்.

சரி, இப்போது பைக்கு வருவோம். பையின் முன்பக்கம் விளம்பரம். பிரீமியம், ஹோலிஸ்டிக், சூப்பர் பிரீமியம் போன்ற சொற்களுக்கு ஊட்டச்சத்து சார்ந்த வரையறை எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பின்பக்கத்தில், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில், ஊட்டச்சத்துப் போதுமானது என்று சொல்லும் ஒரு வாக்கியம் இருக்கும். நான் பையைத் திருப்பியதும் முதலில் தேடுவது அதைத்தான். இந்த உணவு முழுமையானது, சமச்சீரானது, இன்ன வாழ்க்கைக் கட்டத்துக்கு ஏற்றது என்று அது சொல்லும். அமெரிக்க அளவுகோலைப் பின்பற்றும் உணவில் ஆஃப்கோ (AAFCO) என்ற பெயரும், ஐரோப்பிய அளவுகோல் என்றால் ஃபெடியாஃப் (FEDIAF) என்ற பெயரும் வரும். ஆஃப்கோ அளவுகளை வகுத்துத் தரும் அமைப்பு மட்டுமே. எந்த உணவையும் சோதித்து முத்திரை குத்துவதில்லை. "ஆஃப்கோ அங்கீகரித்தது" என்று யாராவது சொன்னால் அவருக்கே விஷயம் சரியாகத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாக்கியத்தில் "வளர்ச்சி" என்றோ "எல்லா வாழ்க்கைக் கட்டங்களும்" என்றோ இருக்க வேண்டும். "வளர்ந்த நாயின் பராமரிப்பு" என்று மட்டும் இருந்தால் குட்டிக்கு அது போதாது. ஈரப்பதத்தைக் கழித்துப் பார்த்தால், வளரும் குட்டிக்கு ஆஃப்கோ கேட்கும் குறைந்தபட்சப் புரதம் 22.5 சதவீதம், கொழுப்பு 8.5 சதவீதம், வளர்ந்த நாய்க்கு 18, 5.5 சதவீதம். "இடைவேளை உணவு", "துணை உணவு" என்று போட்டிருந்தால் அது நொறுக்குத்தீனி வகை, அதை வைத்து ஒரு குட்டியை வளர்க்க முடியாது.

உங்கள் மூன்றாவது பையும், அதாவது எல்லா வயதுக்குமான உணவும், அந்த அளவுகோலின்படி வளர்ச்சிக்கான அளவுகளைத் தொட்டாக வேண்டும். ஆக அது குட்டிக்கு ஆகாது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் லாப்ரடார் விஷயத்தில் இன்னும் ஒரு வரி தேவை. வளர்ந்தபின் சுமார் 32 கிலோவையோ அதற்கு மேலோ தொடும் நாய்களின் வளர்ச்சிக்கும் ஏற்றது என்று அந்த வாக்கியத்திலேயே எழுதியிருப்பார்கள். சில பைகளில் இதற்கு நேர்மாறாக, "பெரிய நாய்களின் வளர்ச்சி நீங்கலாக" என்று இருக்கும். ஆண் லாப்ரடார்கள் சாதாரணமாகவே இந்த எடையை எட்டுபவை. ஆகவே "நீங்கலாக" என்று கண்டால் பையைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

ஒரு வரிக்காக ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்கிறேன் என்றால், காரணம் கால்சியம். வளர்ந்த நாயின் குடல் தேவைக்கேற்ப கால்சியத்தை உறிஞ்சும். அதிகமானதை வெளியே தள்ளிவிடும். சின்னக் குட்டிக்கு இந்தக் கட்டுப்பாடு இன்னும் முதிர்ந்திருக்காது. ஏறக்குறைய ஆறு மாதம் வரை, உணவில் எவ்வளவு வந்தாலும் அதில் கணிசமான பங்கு உடலுக்குள் போய்விடும். சிறிய இனக் குட்டி பெரும்பாலும் இதைச் சமாளித்துவிடும். வேகமாக நீளும் பெரிய எலும்புகளில்தான் சிக்கல். குருத்தெலும்பு எலும்பாக மாறும் வேலை குழம்பி, மூட்டுப் பரப்பு சிதைவதும் முன்கால்கள் வளைவதும் நடக்கும். அதனால்தான் பெரிய இனக் குட்டி உணவில் கால்சியம் ஈரப்பதம் நீக்கிய கணக்கில் 1.2 சதவீதத்துக்குக் குறையவும் கூடாது, 1.8 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது. மற்ற உணவுகளில் 2.5 வரை அனுமதி உண்டு. கால்சியமும் பாஸ்பரஸும் தமக்குள் ஒன்றுக்கு ஒன்று முதல் இரண்டுக்கு ஒன்று வரையிலான விகிதத்தில் இருக்க வேண்டும். இப்படி அளந்து செய்த உணவின் மேல் ஒரு கரண்டி கால்சியம் பொடியைத் தூவினால் அத்தனை கணக்கும் போச்சு.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். பல வருடம் முன்பு நான் வளர்த்த முதல் பெரிய இனக் குட்டிக்கு, நல்ல உணவோடு கால்சியம் சிரப்பும் சேர்த்துக் கொடுத்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகவே அக்கறையில் செய்தது. ஐந்தாம் மாதம் முன்கால் மணிக்கட்டு வெளிப்பக்கம் திரும்பத் தொடங்கியது. மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே "கூடுதலாக என்ன கொடுக்கிறீர்கள்?" என்பதுதான். சிரப்பை நிறுத்தி, உணவையும் அளந்து போட்டதும் ஓரளவு சரியாயிற்று. முழுதாகச் சரியாகவில்லை.

புரதம் அதிகமானால் எலும்பு கோணும் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. அது தவறு. கோளாறு வருவது அதிகக் கால்சியத்தாலும் அதிகக் கலோரியாலும். அதனால் மூன்றாவது பையில் புரதம் அதிகம் என்பது தனியாக ஒரு குறையும் இல்லை, தனியாக ஒரு பெருமையும் இல்லை. அந்தச் சதவீதம் புரதத்தின் தரத்தைச் சொல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆய்வகத்தில் வழக்கமாகப் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, அதிலிருந்து கணக்கிடுகிறார்கள். 2007-இல் வட அமெரிக்காவில் நாய், பூனை உணவுகள் பெருமளவில் திரும்பப் பெறப்பட்டதன் பின்னணி இதுதான். சீனாவிலிருந்து வந்த குளூட்டனில், அதாவது கோதுமைப் புரதத்தில், புரதம் அதிகம் இருப்பதுபோல் காட்ட, நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்திருந்தார்கள். சிறுநீரகம் பழுதாகி ஏராளமான பிராணிகள் செத்தன. லேபிளில் எண் சரியாகத்தான் இருந்தது.

ஆகவே எண்ணுக்குப் பின்னால் இருக்கும் நிறுவனத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. உலகச் சிறு பிராணி கால்நடை மருத்துவச் சங்கம் இதற்கென்றே ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. அதிலுள்ள கேள்விகள் எளிமையானவை. உணவை வடிவமைத்தது யார், அவருக்குக் கால்நடை ஊட்டச்சத்தில் தகுதி உண்டா? உணவைச் சொந்த ஆலையில் செய்கிறார்களா? தயாரித்த உணவையும் உள்ளே போகும் பொருட்களையும் எப்படிச் சோதிக்கிறார்கள்? கேட்டால் கால்சியம், கலோரி போன்ற எண்களைத் தருவார்களா? ஒரு மின்னஞ்சல் போட்டுப் பாருங்கள். பையில் கால்சியம் அளவு அச்சிடாத நிறுவனங்கள் நிறைய. கேட்ட பின்பும் சொல்லத் தெரியாத, சொல்ல விரும்பாத நிறுவனத்தின் உணவைப் பெரிய இனக் குட்டிக்கு நான் கொடுக்க மாட்டேன். நான் பார்த்தவரை, பையின் படம் எவ்வளவு அழகோ அவ்வளவு மழுப்பலாகப் பதில் வந்த சந்தர்ப்பங்கள் உண்டு.

பொருட்பட்டியலைப் பலர் ஜாதகம் மாதிரி பார்க்கிறார்கள். அதில் தெரிவது கொஞ்சம்தான். சமைப்பதற்கு முன்னால் இருந்த எடையின் வரிசையில் பொருட்கள் எழுதப்படும். பச்சைக் கோழி இறைச்சியில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர். முதலிடத்தில் "கோழி" இருந்தால், உலர்ந்தபின் அது நாலாவது இடத்துக்கும் போகலாம். அதற்குப் பதில் "கோழி மீல்" என்று இருந்தால் அது ஏற்கெனவே தண்ணீர் நீக்கிய இறைச்சித் தூள். எடைக்கு எடை புரதம் அதிகம். பட்டாணி, பட்டாணி மாவு, பட்டாணிப் புரதம் என்று ஒரே பொருளை மூன்றாகப் பிரித்து எழுதி, ஒவ்வொன்றையும் பட்டியலில் கீழே தள்ளும் தந்திரமும் உண்டு. "பை-ப்ராடக்ட்" என்ற சொல்லைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். ஈரல், சிறுநீரகம், மண்ணீரல் எல்லாம் அதில் வருபவைதான். நாய்க்குக் கொடுத்துப் பாருங்கள், தசைக்கறியை விட்டுவிட்டு முதலில் அதைத்தான் தின்னும்.

தானியம் இல்லாத முதல் பை இங்கேதான் வருகிறது. நாய் ஓநாயின் வாரிசு, அதற்குத் தானியம் செரிக்காது என்ற வாதம் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மனிதரோடு வாழ்ந்த காலத்தில் நாயின் உடல் மாறியிருக்கிறது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு அதிகம் என்று 2013-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வேகவைத்த அரிசியும் சோளமும் ஓட்ஸும் ஆரோக்கியமான நாய்க்கு நன்றாகவே செரிக்கும். மேலும், தானியத்தை எடுத்துவிட்டால் அந்த இடம் இறைச்சியால் நிரம்புவதில்லை. பெரும்பாலும் பட்டாணி, பருப்பு வகை, உருளைக்கிழங்கால்தான் நிரம்புகிறது. 2018 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இத்தகைய உணவுகளுக்கும் நாய்களின் இதயத் தசை தளர்ந்து விரியும் நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று விசாரணையைத் தொடங்கியது. இதுதான் காரணம் என்று இன்றுவரை உறுதியாக நிறுவப்படவில்லை. சரி, நிரூபணம் இல்லை. ஆனால் நன்மை என்று நிரூபிக்கப்பட்டதும் ஒன்றும் இல்லை. பிறகு எதற்குக் கூடுதல் விலை கொடுத்து அந்த ஐயத்தை வாங்க வேண்டும்? "அலர்ஜி வராதே" என்பார்கள். நாய்களின் உணவு ஒவ்வாமையில் அதிகம் பதிவானவை மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி ஆகியவை. கோதுமை அவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது.

உலர் உணவா, டின்னில் வரும் ஈர உணவா என்ற சந்தேகமும் சேர்ந்தே வரும். இரண்டும் சரி, கலந்தும் கொடுக்கலாம். ஒப்பிடும்போது மட்டும் ஏமாற வேண்டாம். டின்னில் புரதம் 9 சதவீதம், பையில் 28 சதவீதம் என்று பார்த்தால் டின் வெறும் தண்ணீர் போலத் தோன்றும். டின்னில் ஈரம் 78 சதவீதம் என்றால் மிச்சமுள்ள 22-இல் 9 புரதம். அதாவது 41 சதவீதத்துக்கு அருகில். பையில் ஈரம் 10 என்றால் 90-இல் 28; சுமார் 31 சதவீதம். பற்கள் இன்னும் சரியாக வளராத குட்டிக்கு உலர் உணவை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சநேரம் ஊறவைத்துக் கொடுங்கள். பாலில் வேண்டாம். பால்குடி மறந்தபின் பல குட்டிகளுக்குப் பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிப்பதில்லை, பேதியாகும்.

வீட்டிலேயே சமைத்துப் போடலாமா என்றால், வளர்ந்த நாய்க்குக்கூட அது கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. குட்டிக்கு, அதிலும் பெரிய இனத்துக்கு, கால்நடை ஊட்டச்சத்து நிபுணர் எழுதித் தந்த செய்முறை இல்லாமல் இறங்காதீர்கள். வெறும் இறைச்சியும் சோறும் கொடுத்தால் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. இரத்தத்தில் கால்சியம் குறையாமல் காக்க உடல் எலும்பிலிருந்து அதை எடுக்கும். சோபாவிலிருந்து குதித்ததற்கே கால் உடைந்த குட்டிகள் உண்டு. பச்சை இறைச்சியில் அதோடு சால்மொனெல்லா, லிஸ்டீரியா போன்ற கிருமிகளின் தொல்லையும் சேரும்; வீட்டில் குழந்தையோ முதியவரோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

சரியான பையைத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. லாப்ரடார்களை வைத்தே செய்த ஒரு நீண்ட ஆய்வு உண்டு. அதன் முடிவுகள் 2002-இல் வந்தன. 48 குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, எட்டு வார வயது முதல் ஒன்றுக்கு அதன் ஜோடியைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்தார்கள். உணவு ஒன்றேதான், அளவு மட்டும் வேறு. குறைவாகத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. கொழுகொழுவென்ற லாப்ரடார் குட்டி பார்க்க எவ்வளவு அழகு என்று எனக்கும் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், அதைக் கொழுக்கவிடாதீர்கள்.

எவ்வளவு போடுவது? பையிலுள்ள அட்டவணையில் தொடங்கலாம், ஆனால் பல குட்டிகளுக்கு அது அதிகம். கணக்கு நீங்களே போடலாம். குட்டியின் எடையை அதே எண்ணால் இரண்டு முறை பெருக்குங்கள். வந்த விடைக்குக் கால்குலேட்டரில் வர்க்கமூலம் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள். பிறகு 70-ஆல் பெருக்குங்கள். அது சும்மா படுத்திருக்கும்போது தேவைப்படும் கலோரி. நாலு மாதத்துக்குள் இருக்கும் குட்டிக்கு அதைப்போல் மூன்று மடங்கு, அதன் பிறகு வளர்ச்சி முடியும்வரை சுமார் இரண்டு மடங்கு. ஐந்து கிலோ குட்டி என்றால் 125, அதன் வர்க்கமூலம் 11.18, மறுபடியும் 3.34, எழுபதால் பெருக்கினால் 234, மூன்று மடங்கு 702 கிலோ கலோரி. உங்கள் உணவில் கிலோவுக்கு 3,700 கிலோ கலோரி இருந்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 190 கிராம். மூன்று மாதம் வரை அதை நாலு வேளையாகப் பிரியுங்கள், ஆறு மாதம் வரை மூன்று, அப்புறம் இரண்டு. கப்பால் அளக்காதீர்கள், சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுங்கள். ஒரே கப் ஒவ்வொரு கையிலும் ஒவ்வொரு அளவு காட்டும். பயிற்சிக்குக் கொடுக்கும் தீனியும் இந்தக் கணக்குக்குள் அடக்கம், அது பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். நான் அன்றைய உணவிலிருந்தே ஒரு கைப்பிடியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். குட்டிக்கு வித்தியாசம் தெரிந்ததே இல்லை.

இந்த எண் ஒரு தொடக்கம்தான், வாரத்துக்கு வாரம் மாறும். அளவு சரியா என்பதைக் கைதான் சொல்லும். உங்கள் விரல்களை மடக்கி, முஷ்டியின் கணுக்களைத் தடவிப் பாருங்கள். குட்டியின் விலா எலும்பு அப்படித் துருத்தினால் உணவு போதவில்லை. உள்ளங்கைப் பக்கம் தடவுவதுபோல் எலும்பே தெரியாமல் மெத்தென்றிருந்தால் அதிகம். கையை விரித்து நீட்டி, புறங்கையைத் தடவினால் எலும்பு லேசாகத் தட்டுப்படுகிறதே, அதுதான் சரியான அளவு. மேலிருந்து பார்க்கும்போது இடுப்பு கொஞ்சம் உள்வாங்கியிருக்க வேண்டும். வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வையுங்கள்.

உணவு ஒத்துப்போகிறதா என்பதற்கு மலம் நல்ல சாட்சி: உருண்டு, ஈரமாக, எடுத்தால் தரையில் ஒட்டாமல் வர வேண்டும். இளகியிருந்தால் உடனே பையை மாற்ற ஓடாதீர்கள். அளவு அதிகமானாலே இளகும். குடற்புழு இருந்தாலும் அப்படித்தான். ஆனால் குட்டி சோர்ந்துபோய், வாந்தி எடுத்து, தண்ணீராகவோ இரத்தம் கலந்தோ போனால் அது உணவுப் பிரச்சினை இல்லை என்று எண்ணி அன்றே மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ கிருமிக்கு நாளை என்று தள்ளிப்போட நேரம் இருக்காது. சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த மிட்டாய், வேகவைத்த எலும்பு ஆகியவை ஒரு துண்டுகூட எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

பையைத் திறந்தபின் உணவை வேறு டப்பாவில் கொட்டாமல், பையோடு டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள். தயாரிப்பு எண்ணும் தேதியும் கையிலேயே இருக்கும், கொழுப்பு கசந்து போவதும் குறையும். நல்ல விலையில் கிடைக்கிறதென்று பெரிய பை வாங்க வேண்டாம். ஐந்தாறு வாரத்துக்குள் தீரும் அளவே போதும்.

லாப்ரடாருக்கு இந்தக் குட்டி உணவு ஒரு வயது வரையாவது தொடர வேண்டும். பெரிதாக வளரும் ஆண் என்றால் பதினைந்து, பதினெட்டு மாதம் வரைகூடப் போகும். இடையில் கருத்தடை அறுவை செய்தால் கலோரித் தேவை சட்டென்று குறையும், பசி மட்டும் கூடும். அப்போது பலர் அவசரமாக வளர்ந்த நாய் உணவுக்கு மாறிவிடுகிறார்கள். வளர்ச்சி முடியாத நிலையில் அது தேவையில்லை. அதே உணவில் கிராமைக் குறைத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் விலாவைத் தடவிப் பாருங்கள்.